முட்டி வீங்கினால் உருவ வேண்டாம், தோழர்களே!



நான் டிரெசராக வேலை பார்த்த தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். உங்கள் தோட்டத்திலும் இது மாதிரி நடந்திருக்கும்.

ஒரு வாரம் அடைமழை. லயத்துக்குத் தண்ணீர் வரும் தொட்டியில் மண்தண்ணீர் கலந்துவிட்டது. மூன்று நாளில் எட்டுப் பத்து வீட்டில் வயிற்றுப்போக்கு. உப்புச் சர்க்கரைத் தண்ணி கொடுத்தோம், நின்றது. எல்லாரும் மறந்து போனோம்.

மூன்று வாரம் கழித்து, குலை வெட்டுகிற ஒரு தம்பி பெரட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தார். முப்பது வயசுகூட ஆகவில்லை. வலது முட்டி தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. இரண்டு கண்ணும் சிவந்து கிடந்தன. "எங்கேயாவது விழுந்தியா தம்பி?" என்று கேட்டேன். "விழவே இல்ல சார். தூங்கி எழுந்தேன், இப்படி இருக்கு" என்றார். பக்கத்தில் நின்ற மண்டோர், "ராத்திரி தண்ணி போட்டிருப்பான், வேலைக்கு டிமிக்கி கொடுக்கப் பார்க்கிறான்" என்று சிரித்தார்.

வீட்டில் பாட்டி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "ரத்தம் கட்டிக்கிச்சுடா!" நல்லெண்ணெயைச் சுட வைத்து, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, முட்டியை அழுத்தி உருவினார்கள். மறுநாள் வீக்கம் இன்னும் கூடியது. துணியை நனைத்து இறுக்கிக் கட்டினார்கள். கூலி போய்விடுமே என்று அந்தக் காலோடு இரண்டு நாள் குலையும் வெட்டினார். முடியாமல் போகவே, பசார் மாலாமில் பெயர் தெரியாத கேப்சூல் வாங்கிப் போட்டார். வலி பறந்துவிட்டது. தோட்டமெல்லாம் அந்த மருந்தின் புகழ்தான். மூன்று மாதத்தில் முகம் உப்பிப்போய், சர்க்கரை ஏறி, மருந்தை நிறுத்தியதும் பழைய வலி இரண்டு மடங்காகத் திரும்பி, கடைசியில் டவுன் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார்.

இதில் என் தப்பும் உண்டு. அவருக்கு வயிற்றுப்போக்கு வந்த தேதி என் புத்தகத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்தையும் இந்த முட்டியையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தது ஆஸ்பத்திரி டாக்டர்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வயிற்றுக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம்?

இந்த நோய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ். எதிர்வினை மூட்டழற்சி என்று தமிழில் சொல்லலாம். உடம்பில் வேறு ஓர் இடத்தில் கிருமி புகுந்து, அதை எதிர்த்து உடம்பு போராடியதன் எதிரொலியாக மூட்டு வீங்குவதுதான் இது. சால்மனெல்லா, ஷிகெல்லா, காம்பிலோபாக்டர், யெர்சினியா என்று வயிற்றுப்போக்கு, வயிற்றுக்கடுப்பு உண்டாக்கும் கிருமிகள் சில இதற்குக் காரணம். சொல்லக் கூச்சப்படுகிற இன்னொரு வழியும் உண்டு. உடலுறவில் தொற்றும் கிளமீடியா என்ற கிருமி. சிறுநீர் போகும்போது எரிச்சல், வெள்ளை படுதல் என்று இருந்திருக்கும். ஒன்றும் தெரியாமலும் இருந்திருக்கலாம்.

தொற்று வந்து 1 வாரத்திலிருந்து 4 வாரத்துக்குள் பெரும்பாலும் காலில்தான் பிடிக்கும். முட்டி, கணுக்கால், குதிகால். சிலருக்கு ஒரு கால்விரல் மட்டும் உருண்டையாக வீங்கும். கண் சிவக்கும், இடுப்பு வலிக்கும். 20 வயசிலிருந்து 40 வயசு வரை உள்ளவர்களுக்கே அதிகம் வருகிறது. அதாவது, குடும்பத்தைச் சுமக்கிற வயசில்!

ஒரே தண்ணீரைக் குடித்த பத்துப் பேரில் ஒருத்தருக்கு மட்டும் ஏன் வர வேண்டும் என்று கேட்பீர்கள். பிறப்பிலேயே வரும் எச்.எல்.ஏ. பி27 என்ற ஒரு மரபுக்கூறு உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். வந்தால் கடுமையாகவும் வரலாம். இது அவர்கள் செய்த பாவமும் இல்லை, யாரும் வைத்த செய்வினையும் இல்லை. மூட்டு நோய் ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு ஒட்டாது. ஒட்டுவது வயிற்றுப்போக்குக் கிருமிதான்.

இது புது நோயும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பின்லாந்து நாட்டில் வயிற்றுக்கடுப்பு பரவியது. அதைத் தொடர்ந்து இந்த நோய் கண்ட 344 பேரைப் பற்றி பாரோனென் என்ற டாக்டர் 1948-இல் எழுதி வைத்தார். ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ் என்ற பெயரும் 1969-இல் பின்லாந்து டாக்டர்கள் வைத்ததுதான். அது குளிர் நாடு, நம்முடையது வெயில் நாடு. ஆனால் நெருக்கமாக வாழ்கிற ஜனங்களுக்குள் வயிற்றுக்கடுப்பு பரவினால் வருவது ஒன்றுதான்.

முட்டிக்குள் ரத்தம் என்ன செய்கிறது?

இப்போது பாட்டி சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். ரத்தம் கட்டிக்கொண்டதா? இல்லை தோழர்களே. நேர்மாறாக, அங்கே ரத்தம் வழக்கத்தைவிட அதிகமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மூட்டுக்குள்ளே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. எண்ணெய் போட்ட மாதிரி எலும்பு வழுக்கி அசைய, அது கொஞ்சம் நீரைச் சுரக்கும். நோய் வந்ததும் அந்தச் சவ்வில் உள்ள சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் அகலமாகத் திறந்துகொள்கின்றன. தீப்பிடித்த வீட்டுக்கு லயமே ஓடுவது போல, ரத்தமும் வெள்ளை அணுக்களும் அங்கே ஓடுகின்றன. அதனால் தோல் சூடாகிறது, சில பேருக்குச் சிவக்கிறது. திறந்த குழாய்களின் சுவர் கசிகிறது. கசிந்த நீர் மூட்டுக்குள் தேங்குகிறது. அந்த நீர்தான் நீங்கள் பார்க்கிற வீக்கம். நோய் நீடித்தால் சவ்வில் புதிய ரத்தக் குழாய்களும் முளைக்கின்றன. மூட்டுக்குள் சின்னக் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 1999-இல் வெளிவந்தது. இந்த நோயில் அந்தக் குழாய்கள் கோணல்மாணலாக, புதர் மண்டியது போல வளர்ந்திருந்ததை டாக்டர்கள் அதில் எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவு ரத்தம் ஓடினால் மூட்டுக்கு நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். மூட்டுக்குள் நீர் நிறைந்து உள் அழுத்தம் ஏறிவிடுகிறது. அந்தக் காலை மடக்கினால், பாரம் தூக்கினால், அழுத்தம் இன்னும் ஏறி, சின்னக் குழாய்களை நெரிக்கிறது. ரப்பர் குழாயைக் காலால் மிதித்தால் தண்ணீர் நிற்கும் அல்லவா, அது மாதிரி. காலை எடுத்தால் மறுபடி பாயும். இப்படி நிற்பதும் பாய்வதுமாக இருந்தால், ரத்தம் நிறைய வந்தும் சவ்வுக்கு உயிர்க்காற்று போதவில்லை. அழற்சி இன்னும் கிளறப்படுகிறது. வீங்கிய காலோடு குலை வெட்டப் போகாதே என்று நான் சொல்வது சோம்பேறித்தனத்துக்காக இல்லை. ஒவ்வொரு முறை குனிந்து நிமிரும்போதும் அந்த முட்டிக்குள் இதுதான் நடக்கிறது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். திறந்து கிடக்கிற குழாயை, நெருப்பாகக் கொதிக்கிற மூட்டைச் சுடு எண்ணெய் ஊற்றி அழுத்தி உருவலாமா? எண்ணெய் தேய்ப்பதையே நான் பழிக்கவில்லை. நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்த முதுகுக்குத் தேய்த்துவிடுங்கள், சுகமாக இருக்கும். ஆனால் சூடாக, சிவந்து, வீங்கிய மூட்டுக்கு உருவல் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். குளிர்ச்சி குழாய்களைச் சுருக்கும், வலி தணியும். நேராகத் தோலில் ஐஸ் வைக்காதீர்கள்.

வைத்தியம் என்ன?

டாக்டர் செய்கிற எல்லாமே அந்தத் திறந்த குழாய்களை மூட வைக்கிற வேலைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இபுபுரோஃபென், நாப்ரொக்சென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள். குழாய்களை அகல வைக்கிற ரசாயனம் உடம்பில் சுரப்பதை இவை தடுக்கின்றன. சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். குடல்புண், சிறுநீரகக் கோளாறு, இருதய நோய், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும், கர்ப்பிணிப் பெண்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெயிலில் வியர்த்துக் கொட்டி, தண்ணீர் குடிக்காமல் இந்த மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால் சிறுநீரகம் கெடும். இன்னொன்று: காய்ச்சலும் இருந்தால் இவற்றைத் தானாக வாங்கிப் போடாதீர்கள். டெங்கியாக இருந்தால் ரத்தக்கசிவுக்கு வழி செய்துவிடும்.

அடுத்தது, ஊசி போட்டு மூட்டு நீரை எடுப்பது. பயப்பட வேண்டாம். நீர் குறைந்தால் அழுத்தம் குறையும். அந்த நீரைச் சோதித்தால், மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கிறதா, கௌட் நோயா என்பதும் தெரியும். சீழ் இல்லை என்று உறுதியான பிறகு, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு மருந்தை மூட்டுக்குள்ளேயே போடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் டாப்ளர் ஸ்கேன் வைத்துப் பார்த்தால், சவ்வில் ஓடுகிற ரத்தம் கலராகத் தெரியும். வைத்தியம் பலித்தால் அந்தக் கலர் குறையும்.

பல மாதம் ஆகியும் அடங்காவிட்டால் சல்ஃபாசலசின், மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்துகள் உண்டு. இவற்றுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். கிளமீடியா இருந்தால் கணவன் மனைவி இரண்டு பேருமே ஆன்டிபயாட்டிக் சாப்பிட வேண்டும். ஒருத்தர் மட்டும் சாப்பிட்டுப் பயனில்லை. வயிற்றுப்போக்கால் வந்த மூட்டு வீக்கம் ஆன்டிபயாட்டிக்கால் தீராது. கடையில் கெஞ்சி வாங்காதீர்கள்.

வலி தணியத் தணிய காலை மெல்ல அசைக்க வேண்டும். மாதக்கணக்கில் கட்டிலிலேயே கிடந்தால் தொடைச் சதை கரைந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு 3 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் குணமாகிறது. சிலருக்குத்தான் திரும்பத் திரும்ப வரும், அல்லது நீடித்து நிற்கும். ஆரம்பத்திலேயே டாக்டரைப் பார்ப்பது இந்தச் சிலருக்காகத்தான்.

பசார் மாலாம் கேப்சூல்

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பதிவு செய்யாத ஜாமு, கேப்சூல்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மூன்று நாளில் வலி போகும் மாயம் அதுதான். டாக்டர் கொடுக்கிற ஸ்டீராய்டுக்கு அளவு உண்டு, நாள் கணக்கு உண்டு, கேட்க ஆள் உண்டு. இதற்கு ஒன்றுமே கிடையாது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், கிருமி எதிர்ப்பு குறையும். பொட்டலத்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே நாளாகச் சாப்பிட்டு வருகிறவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஒளிக்காதீர்கள்.

அன்றைக்கே போக வேண்டிய நேரம்

ஒரு மூட்டு மட்டும் திடீரென்று வீங்கி, கடும் காய்ச்சலும் இருந்து, அசைக்கவே முடியவில்லை என்றால், உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். மூட்டு அழிந்துவிடும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

முட்டியைவிட ஆடுதசை அதிகமாக வீங்கி, தொட்டால் வலித்தால், காலின் உள் நரம்பில் உண்மையாகவே ரத்தம் கட்டியிருக்கலாம். காலை அசைக்காமல் நாள் கணக்கில் படுத்திருப்பவர்களுக்கு இது வரும். முட்டிக்குப் பின்னால் தேங்கிய நீர்ப்பை உடைந்தாலும் இப்படித்தான் தெரியும். எது என்று ஸ்கேன்தான் சொல்லும். இந்தக் காலை உருவினால் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கும். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

கண் சிவப்போடு வலியும், வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சமும், பார்வை மங்கலும் இருந்தால் கண் டாக்டரை உடனே பார்க்க வேண்டும்.

எம்.சி. கேட்பது பிச்சை இல்லை

அந்தத் தம்பியைப் பார்த்து மண்டோர் சிரித்தார் என்று சொன்னேன் அல்லவா, அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அவர் இரண்டு நாள் வேலை செய்தார். வெளிக்காயம் இல்லாத நோயை யாரும் நம்புவதில்லை. ஆனால் சட்டம் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, 2 வருஷத்துக்குக் குறைவான வேலைக்காலம் உள்ளவருக்கு வருஷத்துக்கு 14 நாளும், 2-இலிருந்து 5 வருஷத்துக்குள் உள்ளவருக்கு 18 நாளும், 5 வருஷமும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 22 நாளும் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் அந்த 60 நாள் தனிக்கணக்கு. மருத்துவ விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வராத நாள் என்று எழுதிவிடுவார்கள். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்கிறவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. மொழி தெரியாமல் அவர்கள் தவித்தால், கூடப் போய்ச் சொல்ல வேண்டியது நம் கடமை.

என் கருத்து

மாத்திரையும் ஊசியும் வந்த பிறகு பார்ப்பவை. என் கருத்து என்னவென்றால், இந்த முட்டி நோயின் வைத்தியம் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தொடங்க வேண்டும். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று முதலாளிக்குக் கடமை விதிக்கிறது. வயிற்றுக்கடுப்பும் உணவு நச்சும் கண்டால் டாக்டர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் சொல்கிறது. நாம் வீட்டிலேயே கஷாயம் குடித்து மறைத்துவிட்டால் யார் தெரிவிப்பார்? யார் வந்து தொட்டியைச் சோதிப்பார்?

ஒவ்வொரு கிளைச் செயலாளரும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைக்கட்டும். லயத்தில் யாருக்கு எந்தத் தேதியில் வயிற்றுப்போக்கு என்று எழுதட்டும். ஒரே வாரத்தில் மூன்று வீடு என்றால் நிர்வாகத்திடமும் சுகாதார அலுவலகத்திடமும் போகட்டும். அடுத்த நாலு வாரத்தில் யாருக்காவது முட்டி வீங்கினால், அந்தப் பக்கத்தைக் காட்டி டாக்டரிடம் அனுப்பட்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். வீட்டிலோ, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கக்கூசுக்குப் போய் வந்ததும், சோற்றில் கை வைக்கும் முன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

அந்தத் தம்பி இப்போது நன்றாக இருக்கிறார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. சரியான வைத்தியம் முதல் வாரத்திலேயே கிடைத்திருந்தால் அவ்வளவு நாள் கஷ்டப்பட்டிருக்க மாட்டார். பாட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அறிந்ததை அன்போடு செய்தார். என் கையில் புத்தகம் இருந்தது, நான் புரட்டிப் பார்க்கவில்லை. நீங்கள் புரட்டிப் பாருங்கள்.

அடுத்த முறை லயத்தில் யாராவது நொண்டிக்கொண்டு வந்தால், எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "போன மாசம் வயித்தால போச்சா?"